வெள்ள நீரில் நான்கு நாள்: ஒரு லெகோ, ரோபோ சேகரிப்பு மீட்கப்பட்ட விதம்

பின்னணி

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த இரவில் அடையாறு கரை மீறியதில், தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் விடிவதற்கு முன்பே நாலரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கணவர், மனைவி, பத்து வயது மகள், கணவரின் தாயார் ஆகிய நால்வரும் முதலில் மாடி வீட்டாரிடம் தங்கி, பிறகு படகில் வெளியேறினர். யாருக்கும் உடலளவில் தீங்கு நேரவில்லை. படுக்கை, பத்திரம், பாத்திரம் என்று எத்தனையோ இழப்புகளுக்கு ஆளான ஒரு வீட்டில் லெகோ கட்டைகளும் ரோபோக்களும் என்னவாயின என்று எழுதலாமா என்ற தயக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. ஆனால் அதன் பின் வந்த மழைக்காலங்களில் நனைந்த கட்டைகளையும் ரோபோக்களையும் எப்படி மீட்பது என்ற கேள்வியோடு என்னை அழைத்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் அழைக்கும்போதே முதல் தவற்றைச் செய்து முடித்திருந்தனர். எனவே குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

சேகரிப்பாளரான கணவருக்கு அப்போது வயது 38. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பொறியாளர். கல்லூரியில் படித்த காலத்தில் அமெரிக்காவிலிருந்த தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டியே இந்தச் சேகரிப்பின் தொடக்கம். நிரல் எழுதி இயக்கும் ரோபோக்களைக் கட்டுவதற்கான லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையில், 1998இல் வெளிவந்த முதல் தொகுப்பு அது. அதன் நடுவிலிருந்த ஆர்.சி.எக்ஸ். என்ற மஞ்சள் கட்டைக்குள் ஹிட்டாச்சி எச்8 நுண்கட்டுப்பாட்டுச் சில்லும் 32 கிலோபைட் நினைவகமும் இருந்தன. சென்சார்களுக்கு மூன்று இணைப்புகள், மோட்டார்களுக்கு மூன்று. அதே வரிசையில் 2006இல் வெளிவந்த என்.எக்ஸ்.டி. தொகுப்பை மறு ஆண்டு வாங்கினார். 2013இல் வந்த இ.வி.3 தொகுப்பு மகளின் பிறந்தநாள் பரிசு. இவற்றோடு, 1994ஆம் ஆண்டின் டெக்னிக் சூப்பர் கார் (தொகுப்பு எண் 8880), 2008இல் வெளிவந்த தாஜ் மகால் (எண் 10189) ஆகிய இரண்டு பெரிய மாதிரிகளும் இருந்தன. தாஜ் மகாலில் மட்டும் 5,922 துண்டுகள். ஐந்து தொகுப்புகளையும் கூட்டினால் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டும்.

எந்தப் பொருள் எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பது பின்னர் மிக முக்கியமாயிற்று. தாஜ் மகாலும் காரும் கட்டி முடித்த நிலையில் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தன. ஆர்.சி.எக்ஸ்., என்.எக்ஸ்.டி. இரண்டும் படுக்கையறை இரும்பு பீரோவின் அடித்தட்டில், பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இருந்தன. 2007இல் புதியதை வாங்கியபோது பழைய ஆர்.சி.எக்ஸிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி எடுத்துவிட்டார். என்.எக்ஸ்.டி.யில் ஆறு ஏஏ பேட்டரிகளும் உள்ளேயே இருந்தன. ஏனெனில் வெள்ளத்துக்கு மூன்று வாரம் முன்புதான் மகள் அதை எடுத்து விளையாடியிருந்தாள். இ.வி.3, ஒரு முழு ரோபோவாகக் கட்டப்பட்டு, தனியே வாங்கிய லித்தியம் அயன் பேட்டரியோடு படிப்பு மேசையில் நின்றது. கட்டும் கையேடுகளும் மூல அட்டைப் பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில் இருந்தன. என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். இந்தப் பொழுதுபோக்கின் வழியாகவே அவரை அறிவேன். டிசம்பர் 7 மாலை அங்கே போனேன்.

நான் போவதற்கு முன் நடந்தவை

தண்ணீர் 5ஆம் தேதி வடிந்தது; குடும்பத்தினர் 6ஆம் தேதி திரும்பினர். பீரோவைத் திறந்த சேகரிப்பாளர் என்.எக்ஸ்.டி.யை எடுத்து, துடைத்து, அதன் ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். எந்த அசைவும் இல்லை. உதவிக்கு வந்திருந்த உறவினர் இ.வி.3 ரோபோவைக் குழாயடியில் கழுவி, பேட்டரியோடு அப்படியே மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார். கட்டைகளில் ஒரு பகுதியைச் சாக்கு விரித்து உலர்த்தவும் தொடங்கியிருந்தனர். இவை மூன்றும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டவை. வெள்ளம் வடிந்த வீட்டில் எதைக் கண்டாலும் முதலில் உலர்த்து என்றுதான் எவருக்கும் தோன்றும். துணிக்கும் மெத்தைக்கும் அது சரி.

கண்டவை

கூடத்தில் கண்ணாடி அலமாரி சாய்ந்து கிடந்தது. தாஜ் மகால் பல பெரும் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டின் உள்ளேயும் கறுத்த வண்டல் அடைந்திருந்தது. அப்பகுதியில் கழிவுநீரும் வெள்ளத்தோடு கலந்திருந்ததால் வண்டலின் நாற்றம் கடுமையாக இருந்தது. வெயிலில் உலர்த்தப்பட்டிருந்த கட்டைகளை எடுத்துப் பார்த்தேன். லெகோ கட்டையின் மேல் குமிழ் 4.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கட்டையின் அடியிலுள்ள குழல்களுக்கும் சுவருக்கும் இடையே அந்தக் குமிழ் மிக நுண்ணிய இடைவெளியோடு பொருந்துவதால்தான் பிடிமானம் கிடைக்கிறது. அந்தக் குழல்களுக்குள் வண்டல் காய்ந்து சுட்ட மண் போல இறுகியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தும் வரவில்லை. ஊசியால் கிளறினால் உட்சுவரில் கீறல் விழும். கீறல் விழுந்தால் பிடிமானம் தளரும். இன்னும் ஈரமாக இருந்த கட்டைகளிலோ அதே வண்டல் தண்ணீரில் அலசிய உடனே கரைந்து போயிற்று.

சூப்பர் காரின் நிலைமை வேறு. அதன் அதிர்வு தாங்கிகளில் எஃகுச் சுருள்கள் உண்டு. அவை துருப்பிடித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் செம்பழுப்புக் கறையை இறக்கியிருந்தன.

ரோபோக்களைத் திறந்து பார்த்ததே இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். என்.எக்ஸ்.டி.யின் ஆறு பேட்டரிகளும் வீங்கிக் கசிந்திருந்தன. மின்சுற்றுப் பலகையில் பச்சை நிறப் படிவு மண்டியிருந்தது; ஆனால் அது பலகை முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை. பேட்டரி இணைப்பிலிருந்து புறப்படும் நேர்மின் தடங்களிலும், அவை மோட்டார் இணைப்புகளுக்குச் செல்லும் இடங்களிலுமே அடர்ந்திருந்தது. இரண்டு இடங்களில் செம்புத் தடமே கரைந்து அறுந்துபோயிருந்தது. அடுத்த பெட்டியில், அதே உயரத்தில், அதே தண்ணீரில், அத்தனை நாளும் மூழ்கியிருந்த ஆர்.சி.எக்ஸின் பலகையில் மெல்லிய வண்டல் பூச்சு மட்டுமே இருந்தது. பற்றாசு இணைப்புகள் சற்று மங்கியிருந்தன. தடங்கள் எல்லாம் முழுமையாக இருந்தன.

உப்புகள் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆறு பேட்டரிகள் தொடராக 9 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் தண்ணீரில் நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து வெளியேறுகிறது. முலாம் பூசும் தொட்டியில் நடப்பதே அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் பேட்டரி தீரும் வரை நடந்திருக்கிறது. பேட்டரி இல்லாத கருவியில் அந்த வேலை நடக்க வழியே இல்லை. இரண்டு கருவிகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகச் செய்யப்பட்டவை என்பதால், இந்த ஒரு சோடியை மட்டும் வைத்து முடிவு கட்டுவதை நான் விரும்பவில்லை. ஆனால் அரிப்பு எங்கெங்கே அடர்ந்திருந்தது என்பதே காரணத்தைச் சொல்லப் போதுமானதாக இருந்தது.

பொத்தானை அழுத்தியதால்தான் என்.எக்ஸ்.டி. கெட்டதோ என்று சேகரிப்பாளர் பல நாள் வருந்தினார். நான் கண்டவரை, அவர் அழுத்திய நேரத்தில் தடங்கள் ஏற்கனவே அறுந்திருந்தன; பேட்டரிகளில் மின்சக்தியும் மிஞ்சியிருக்கவில்லை. ஈரக் கருவியை இயக்கிப் பார்க்கக் கூடாது என்பது உண்மைதான். ஆயினும் இந்த இழப்பு அவருடைய விரலால் நேர்ந்ததல்ல.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வரிசையை மாற்றியது. கட்டைகளை உலர்த்துவதை உடனே நிறுத்தச் சொன்னேன். ஈரமானவை, காய்ந்தவை எல்லாவற்றையும் நான்கு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்தோம். லெகோ கட்டைகள் 1963 முதல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. அது தண்ணீரை மிகச் சிறிதளவே உறிஞ்சும். சில நாள்கள் மூழ்கியிருப்பதால் அதற்குக் கேடில்லை, வண்டலோடு காய்வதால்தான் கேடு. இப்படிச் செய்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது. வீட்டைக் கழுவுவது, ஆவணங்களை மீட்பது, தாயாரின் மருந்துகளுக்கு ஏற்பாடு செய்வது போன்றவை காத்திருக்க முடியாதவை, கட்டைகள் காத்திருக்கலாம். தினம் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் போதும் என்றபோது அந்தக் குடும்பத்தின் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் மறக்கவில்லை.

மின்னணுக் கருவிகளுக்கு இதற்கு நேர்மாறான விதி. இ.வி.3இன் லித்தியம் அயன் பேட்டரியை அன்று மாலையே கழற்றினோம். வெளித்தோற்றத்தில் அதற்கு எந்தச் சேதமும் தெரியவில்லை. மின்னேற்றிப் பார்க்கலாமே என்று வீட்டார் கேட்டனர். நான் மறுத்தேன். தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று மெல்ல அரித்துப் பல நாள் கழித்தும் குறுக்கு மின்னோட்டம் ஏற்படலாம். அது தீயில் முடியும். குழந்தை உறங்கும் வீட்டில் அதை வைத்துச் சோதிப்பதற்கு எந்த விளையாட்டுப் பொருளும் ஈடாகாது. மணல் நிரப்பிய வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்து, பின்னர் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தோம்.

கருவிகளை அரிசிப் பானைக்குள் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதையும் தவிர்த்தோம். அரிசி ஈரத்தை ஓரளவு இழுக்கலாம். பலகையில் படிந்த உப்பையும் வண்டலையும் அது இழுக்காது, போதாததற்கு மாவுத் தூள் இணைப்புகளுக்குள் புகும். மூன்று கருவிகளையும் திறந்து, பலகைகளைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ரிச்சி தெருவில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் இரண்டு முறை கழுவினேன். பேட்டரி கசிந்த இடங்களை முன்னதாக வினிகரால் துடைத்தேன்; ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது, மென்மையான அமிலம் அதைச் சமன்படுத்தும். டிசம்பர் மாதச் சென்னைக் காற்றில் எதுவும் எளிதில் காயாது. எனவே ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, உள்ளே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டாதபடி காற்றுத் துளைகள் இட்டு, பலகைகளைப் பத்து நாள் அதில் வைத்திருந்தேன். திரவப் படிகத் திரைகள் அதிக வெப்பத்தில் கறுத்துவிடும் என்பதால் தூரத்தில் வைத்தேன்.

கையேடுகளையும் அட்டைப் பெட்டிகளையும் பற்றிய முடிவே வீட்டில் அதிகம் விவாதிக்கப்பட்டது. சேகரிப்பாளர்களின் சந்தையில் ஒரு பழைய தொகுப்பின் மதிப்பில் கணிசமான பங்கு பெட்டிக்கும் கையேட்டுக்கும் உரியது. ஆனால் பளபளப்புப் பூச்சுள்ள தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பின் பிரிக்க இயலாது. ஈரமாக இருக்கும்போதே உறையவைத்தால் காலம் கிடைக்கும். ஆனால் வீட்டில் மின்சாரமே 8ஆம் தேதிதான் வந்தது, குளிர்பதனப் பெட்டியும் மூழ்கிப் போயிருந்தது. பூஞ்சையும் தொடங்கியிருந்தது, தாயாருக்கு மூச்சுத்திணறல் உண்டு. கட்டும் வழிமுறைகளை லெகோ நிறுவனமே மின்வடிவில் இலவசமாகத் தருவதை எடுத்துச் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் அகற்ற சேகரிப்பாளர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டார். 1998இல் தாய்மாமன் கையெழுத்திட்டுக் கொடுத்த அட்டை மூடியின் கிழிந்த ஓரம் அது. அதை நான் தடுக்கவில்லை.

தாஜ் மகாலைக் கலைப்பதா, துண்டுகளாகவே கழுவுவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அதைக் கட்ட அவருக்குப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு கட்டைகள் சேருமிடத்தில் நீர் புகும், ஆனால் கழுவும் நீர் போதிய வேகத்தோடு புகாது என்பது என் வாதம். வாதத்தால் தீராதென்று தோன்றியதால் சோதித்துப் பார்த்தோம். மினார் ஒன்றை மட்டும் கலைக்காமல் சோப்பு நீரில் ஊறவைத்து, அலசி, மின்விசிறியின் கீழ் நான்கு நாள் வைத்தோம். ஐந்தாம் நாள் கலைத்தபோது உள்ளே கறுப்பு நீரும் நாற்றமும் அப்படியே இருந்தன. அதன் பிறகு அவரே மற்றவற்றையும் கலைக்கத் தொடங்கினார்.

கழுவிய முறை

பழைய கொசுவலையை வெட்டி, மாமியாரும் மருமகளும் முப்பதுக்கு மேற்பட்ட சிறு பைகள் தைத்தனர். ஒவ்வொரு தொகுப்பின் துண்டுகளும் வேறாக, ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிடி மிகாமல் இட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினோம். நீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் மெல்லிய தகடுகள் வளைய வாய்ப்புண்டு. வண்டல் போனபின், வீடு வீடாக வழங்கப்பட்ட பிளீச்சிங் பவுடரை லிட்டருக்கு 2 கிராம் அளவில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் பத்து நிமிடம் வைத்து மீண்டும் இரு முறை அலசினோம். முதலில் சோப்பு, பிறகே குளோரின் என்ற வரிசை அவசியம். சேறு இருக்கும்போது குளோரின் அந்தச் சேற்றிலேயே செலவாகிவிடும். உலோகத் தொடுமுனை உள்ள மின் இணைப்புக் கட்டைகளையும் சுருள்களையும் இந்தக் கரைசலில் இடவில்லை.

இங்கே சிறியதாகத் தோன்றும் ஒரு விதியைக் குறிப்பிட வேண்டும். மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டால் பல்லால் கடித்துப் பிரிப்பது இந்தப் பொழுதுபோக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ள பழக்கம். மகள் முதல் நாளே அப்படிச் செய்ய முயன்றாள். எலிக்காய்ச்சல் பற்றிய அச்சம் ஊரெங்கும் இருந்த நேரம் அது. எல்லோருக்கும் கையுறையும், ஆளுக்கொரு பிரிப்பானும் கொடுத்து, குளோரின் நீரைக் கடக்காத எந்தத் துண்டும் வாயருகே போகக் கூடாது என்று சொன்னோம். “மாமா, கழுவி முடிச்சதை வேற கலர் தட்டுல போடலாமா? அப்பதான் மறக்காது” என்று அவள் கேட்டாள். பச்சைத் தட்டில் கழுவாதது, வெள்ளைத் தட்டில் கழுவியது என்ற அந்த ஏற்பாட்டை இறுதிவரை பின்பற்றினோம்.

உலர்த்தியது வெயிலில் அல்ல. கூடத்தில் வேட்டி விரித்து, மின்விசிறியின் கீழ். குழல்களுக்குள் தங்கும் நீர் தானாக வெளியேறாது என்பதால் வலைப்பையைக் கையில் பிடித்துச் சுழற்றி உதறிய பிறகே விரித்தோம். துருக்கறைகளைச் சிட்ரிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் நீக்கியது. சுருள்களை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. இந்த வேலை முழுவதும் முடிய ஏழு வார இறுதிகள் ஆயின.

தாஜ் மகாலின் வெண்கட்டைகள் சில மஞ்சளித்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். வெள்ளமே காரணம் என்று முதலில் நினைத்தோம். 2014ஆம் ஆண்டின் ஒரு பிறந்தநாள் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சன்னல் பக்கம் இருந்த சுவர் ஏற்கனவே மஞ்சளாகத்தான் இருந்தது தெரிந்தது. புற ஊதா ஒளி பல ஆண்டுகள் பட்டதன் விளைவு. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கும் முறை உண்டு. அதைச் செய்யவில்லை, வெளுத்த நிறம் நிலைக்காமல் மஞ்சள் திரும்புவதுண்டு என்பதோடு, ஏற்கனவே இத்தனை சோதனைகளைக் கடந்த பிளாஸ்டிக்கின் மேல் இன்னொரு வேதிப்பொருளைச் செலுத்த மனம் வரவில்லை. மஞ்சளித்த கட்டைகளைத் திரும்பக் கட்டும்போது பின்பக்கச் சுவருக்கு ஒதுக்கினார்.

தொடர்ந்து நிகழ்ந்தவை

என்.எக்ஸ்.டி. மீளவில்லை. அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பி பற்றவைத்துப் பார்த்தும் அது உயிர்பெறவில்லை. அதன் மூன்று மோட்டார்களில் இரண்டு, திறந்து கழுவி எண்ணெயிட்ட பின் ஓடின. இ.வி.3, புதிய ஏஏ பேட்டரிகளில் இயங்கத் தொடங்கியது. ஆனால் நான்கு மோட்டார் இணைப்புகளில் இரண்டு வேலை செய்யவில்லை. இரண்டு சக்கர ரோபோவுக்கு மிஞ்சிய இரண்டு போதும். கையை அசைக்கும் ரோபோவுக்குப் போதாது.

ஆர்.சி.எக்ஸில் டிசம்பர் 20ஆம் தேதி ஆறு புதிய பேட்டரிகளை இட்டோம். திரையில் சிறு மனித உருவம் தெரிந்தது. கடிகார எண்கள் தெரியவில்லை. இது பழுதல்ல. அந்தக் கருவி தன் இயக்க மென்பொருளை நிலையற்ற நினைவகத்தில் வைப்பது. பேட்டரி எடுத்த சிறிது நேரத்தில் அது அழிந்துவிடும். மீண்டும் ஏற்ற, கணினியிலிருந்து அகச்சிவப்பு ஒளி வழியாக நிரலை அனுப்பும் ‘கோபுரம்’ என்ற சிறு கருவி வேண்டும். அவரிடமிருந்த பழைய கோபுரம் 9 வோல்ட் பேட்டரியில் இயங்குவது. அந்தப் பேட்டரியை யாரும் கழற்றவில்லை, அதுவும் உள்ளே அரித்துப்போயிருந்தது. பெங்களூரில் உள்ள ஒரு நண்பர் பிற்காலத்திய யு.எஸ்.பி. கோபுரம் ஒன்றைக் கூரியரில் அனுப்பினார். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவிலேயே அந்தக் கோபுரத்துக்கான இயக்கி மென்பொருள் இருந்ததால் பழைய விண்டோஸ் கணினியைத் தேட வேண்டியிருக்கவில்லை. 1998ஆம் ஆண்டின் குறுந்தகடு சேற்றில் கிடந்தது. சோப்பு நீரில் கழுவித் துடைத்தபோது முழுமையாகப் படிக்க முடிந்தது. சில நிமிடங்களில் மென்பொருள் ஏறி, திரையில் 00.00 என்ற எண்கள் தோன்றின. டேவ் பாம் உருவாக்கிய என்.க்யூ.சி. மொழியில், வெளிச்சத்தைத் தேடிப் போகும் ஒரு சிறு நிரலை மகள் எழுதினாள். பிறக்கும் முன்பே தன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கருவிக்கு அவள் எழுதிய முதல் நிரல் அது.

2016 கோடை விடுமுறையில் தாஜ் மகாலை மீண்டும் கட்டினர். துண்டுகளை எண்ணி முடித்தபோது இருநூறுக்குச் சற்று மேற்பட்டவை குறைந்தன. பெரும்பாலும் ஒரு குமிழ் அளவுள்ள சிறு துண்டுகள். சேகரிப்பாளர்களுக்கிடையே விற்பனை நடக்கும் பிரிக்லிங்க் இணையதளத்தின் துண்டுப் பட்டியலைக் கொண்டே எது குறைகிறது என்று கண்டறிய முடிந்தது. வாங்க வேண்டியவற்றை ஒரே பொதியாகத் தருவிக்க நான்கு மாதம் காத்திருந்தார்; துண்டுகளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாக இருந்தது. 2017 இறுதியில் லெகோ நிறுவனம் அதே மாதிரியை 10256 என்ற எண்ணில் மறுபடி வெளியிட்டது. புதிதாக வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டனர். அவர் விற்கும் எண்ணத்தில் மீட்கவில்லை. என்றாவது விற்க நேர்ந்தால் வெள்ளத்தில் மூழ்கியது என்று எழுதியே விற்பேன் என்றார். இது என் ஆலோசனை அல்ல, அவரே எடுத்த முடிவு. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சேமிப்பு முறையும் மாறியது. பரணில் ஏற்றிவிடலாம் என்பது தாயாரின் யோசனை. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரணில் ஒரு ஏப்ரல் நாள் பிற்பகலில் வெப்பமானி 46 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் டயரும் ரப்பர் பட்டையும் ஒட்டுப்படமும் சில கோடைகளுக்குள் வீணாகும். எனவே சுவரில் ஆறடி உயரத்தில் இரும்புத் தாங்கிகள் அடித்து, அதன் மேல் இறுக்கமாக மூடும் பெட்டிகளை வைத்தனர். விளையாடி முடித்த அன்றே பேட்டரியைக் கழற்றி, கழற்றிய தேதியை எழுதி, கருவியின் மேல் ஒட்டும் வழக்கம் ஏற்பட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே வீட்டுக்குள் மீண்டும் தண்ணீர் வந்தது. இம்முறை இரண்டடி. சேகரிப்பில் எதுவும் நனையவில்லை. ஆனால் 2016இல் எழுதிய துண்டுப் பட்டியலின் ஒரே பிரதி படிப்பு மேசையின் அடி இழுப்பறையில் இருந்தது, அது கூழாயிற்று.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

மூன்று இடங்களில் வேறு விதமாக நடந்திருப்பேன். 2ஆம் தேதியே தொலைபேசி வழியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தது. அப்போது குடும்பத்தாரின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசினேன், அது சரியே. 5ஆம் தேதி மீண்டும் பேசியபோதாவது, எதையும் இயக்காமல் பேட்டரிகளை மட்டும் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். என்.எக்ஸ்.டி.யை அது காப்பாற்றியிருக்காது, இ.வி.3இன் இரண்டு இணைப்புகளை ஒருவேளை காப்பாற்றியிருக்கும். ஏனெனில் அதன் பேட்டரியில் தண்ணீர் வடிந்த பிறகும் மின்சக்தி மிஞ்சியிருந்தது. வெயிலில் வைத்த இரண்டு நாளும் ஈரப் பலகையில் அரிப்பு தொடர்ந்திருக்கிறது.

இரண்டாவது, மோட்டார்கள். நான் கருவிகளின் பலகைகளிலேயே கவனம் செலுத்தி, மோட்டார்களைத் தண்ணீரிலிருந்து எடுத்த எட்டாம் நாள்தான் திறந்தேன். என்.எக்ஸ்.டி.யின் மூன்றாவது மோட்டார் அதற்குள் துருவில் இறுகிவிட்டது. ஆர்.சி.எக்ஸ். காலத்து மோட்டார் ஒன்றை உடைக்காமல் திறக்க எங்களால் இயலவில்லை. அதை உடனே ஆல்கஹாலில் மூழ்க வைத்திருந்தால் ஓடியிருக்கலாம்.

மூன்றாவது, கையேடுகளையும் பெட்டிகளையும் அகற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுக்கவில்லை. அவற்றில் சிலவற்றின் ஓரங்களில் சேகரிப்பாளர் மாணவராக இருந்தபோது பென்சிலால் எழுதிய பல்சக்கர விகிதக் கணக்குகள் இருந்தனவாம். மின்வடிவக் கையேட்டில் அவை கிடைக்காது. இந்தச் செய்தி எனக்குத் தெரிந்தது ஓராண்டுக்குப் பிறகுதான்.

மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் இ.வி.3க்கு மாற்றுப் பலகை கிடைப்பது கடினமாகி வருகிறது. மகள் இப்போது பொறியியல் மாணவி. கெட்ட இரண்டு இணைப்புகளின் மோட்டார் இயக்கிச் சில்லைத் தானே மாற்றிப் பார்ப்பதாகச் சொல்லி, அந்தக் கருவியைத் தன் விடுதிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பேட்டரி கழற்றிய தேதி எழுதிய சீட்டு அதன் மேல் இருந்தது.